தெரியாத நோய்க்கு முதல் மருந்து கேட்பதே

அல்ஹம்து லில்லாஹ். எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



நம் மஹல்லாவில் ஒரு மனிதரை நினைத்துக் கொள்வோம். வயது நாற்பத்தெட்டு. சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. ஆறேழு மாதமாக அவருக்கு உடம்பு சரியில்லை. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நைட் ஷிப்ட் முடிந்து வந்து எவ்வளவு தூங்கினாலும் அசதி தீரவில்லை. சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. மனைவி கேட்டால், "வெயில்தான், வேறு ஒன்றுமில்லை" என்கிறார். மகன் டாக்டரிடம் போகலாம் என்றால், "சம்பளம் வரட்டும்" என்கிறார். சம்பளமும் வந்தது, ரமளானும் வந்து போனது, அவர் மட்டும் போகவில்லை. இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு போனை எடுத்து நோய்களின் பெயர்களைத் தேடுகிறார். தேடத் தேடப் பயம் கூடுகிறது. பயம் கூடக் கூட மருத்துவமனை இன்னும் தூரமாகிறது.

இவர் யார் என்று தேட வேண்டாம். இந்த ஸஃப்பிலேயே நம்மில் பலர் இவராக இருக்கலாம். நம் வீட்டுப் பெண்களில் இன்னும் அதிகம் பேர் இருக்கலாம். இன்றைய பயான் அவர்களுக்காகத்தான்.

பயப்படுவது ஈமானின் குறைவா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். பயம் வருவது பாவமல்ல, ஈமான் குறைந்ததன் அடையாளமும் அல்ல. மூஸா (அலை) அவர்களுக்குப் பயம் வந்ததை அல்லாஹ் குர்ஆனில் மறைக்கவில்லை. அவர்களின் கைத்தடி பாம்பாக மாறியபோது, அதைப் பிடிக்குமாறும் பயப்பட வேண்டாம் என்றும் அதைப் பழைய நிலைக்கே திருப்பிவிடுவதாகவும் அல்லாஹ் கூறிய செய்தி ஸூரத்து தாஹாவில் வருகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாம்பு முதலில் தடியாகி, பிறகு மூஸா (அலை) அதைப் பிடிக்கவில்லை. பிடிக்கும்படி உத்தரவு வந்தபோது அது பாம்பாகத்தான் இருந்தது. கை நீட்டிய பிறகே அது தடியானது. நம் பயங்களில் பலவும் இப்படித்தான். தூரத்தில் நின்று பார்க்கும்வரை பாம்பு. கை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் தடி.

ஃபிர்அவ்னிடம் போகச் சொன்னபோதும் மூஸா (அலை) தம் பயத்தை அல்லாஹ்விடம் சொன்னார்கள். அதோடு தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குக் கேட்டார்கள். ஒரு நபியே துணை கேட்டிருக்கும்போது, டாக்டரிடம் போகத் துணைக்கு ஒருவரைக் கூப்பிடுவதில் நமக்கு என்ன வெட்கம்?

கேட்காததால் போன ஓர் உயிர்

ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஒரு பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். அதே நிலையில் அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்ய அனுமதி உண்டா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்து போனார்.

செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது கடுமையாகக் கோபப்பட்டார்கள். அவரைக் கொன்றதே அவர்கள்தான் என்ற அளவுக்குப் பேசினார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா, அறியாமை என்னும் நோய்க்குக் கேட்பதுதானே நிவாரணம் என்று வருந்தினார்கள்.

இந்த ஹதீஸ் மார்க்கச் சட்டத்துக்கு மட்டும் உரியதல்ல. நம் நோய்க்கு ஒரு பெயர் தெரியாமல் இருப்பதும் ஓர் அறியாமைதான். அதற்கும் முதல் மருந்து கேட்பதே. தெரிந்தவரிடம் கேட்க வேண்டும் என்பதும் இதில் அடக்கம். டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்டால், அந்தப் பயணிக்குக் கிடைத்த பதில்தான் நமக்கும் கிடைக்கும்.

தவக்குல் என்றால் வீட்டில் இருப்பதா?

"அல்லாஹ் நாடியது நடக்கும், டாக்டர் எதற்கு?" என்று சிலர் சொல்வார்கள். உண்மையில் அது பல நேரம் தவக்குல் அல்ல. தவக்குல் சட்டை போட்ட பயம்.

ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) நோயுற்றபோது நபி (ஸல்) நேரில் சென்றார்கள். தம் முபாரக்கான கையை அவரின் நெஞ்சில் வைத்தார்கள். அதன் குளிர்ச்சியை ஸஅத் (ரலி) உணர்ந்தார்கள். அதைவிடப் பெரிய பரக்கத் எது? அப்படியிருந்தும், இது நெஞ்சுக்கு வந்த நோய், ஸகீஃப் கூட்டத்தைச் சேர்ந்த ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுங்கள், அவர் மருத்துவம் பார்ப்பவர் என்று அனுப்பி வைத்தார்கள். இதுவும் அபூதாவூதில் உள்ளது.

கிராமவாசிகள் வந்து நாங்கள் மருத்துவம் செய்து கொள்ளலாமா என்று கேட்டபோது, செய்யுங்கள் என்றார்கள். முதுமையைத் தவிர அல்லாஹ் இறக்கிய நோய் ஒவ்வொன்றுக்கும் மருந்தையும் வைத்திருக்கிறான் என்றார்கள். அறிவிப்பவர் உஸாமா இப்னு ஷரீக் (ரலி). நூல்கள் அபூதாவூத், திர்மிதி.

அய்யூப் (அலை) அவர்களைப் பொறுமைக்கு உதாரணம் காட்டுவோம். அவர்களும் தம் துன்பத்தை அல்லாஹ்விடம் வாய்விட்டுச் சொன்னார்கள். சொன்னதால் ஸபர் போய்விடவில்லை. ஷிஃபாவும் சும்மா இறங்கவில்லை. காலால் தரையை உதைக்க வேண்டும், ஊறும் நீரில் குளிக்க வேண்டும், அதைக் குடிக்க வேண்டும் என்று ஒரு வேலையோடுதான் வந்தது. ஓதிப் பார்ப்பதும் துஆவும் நம் பலம். அவை சிகிச்சையோடு சேர்ந்து நடப்பவை, சிகிச்சையைத் தள்ளிப் போடுவதற்கு அல்ல.

நம் சுரங்கம் சொல்லும் பாடம்

நெய்வேலிக்காரர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இரவும் பகலும் பம்ப் வைத்து இறைத்துக் கொண்டே இருக்கிறார்கள். இறைக்காவிட்டால் கீழிருந்து வரும் அழுத்தத்தில் சுரங்கத்தின் தரையே பெயர்ந்துவிடும். மேலே பார்த்தால் தரை காய்ந்துதான் இருக்கிறது. அதற்காக "கீழே ஒன்றுமில்லை" என்று எந்த இன்ஜினியரும் பம்பை நிறுத்துவதில்லை. ஆழ்துளைக் கிணறுகளில் நீர்மட்டத்தை அளந்து, அளவு தெரிந்த பிறகே வேலையை நடத்துகிறார்கள்.

மண்ணுக்குக் காட்டும் இந்த எச்சரிக்கையை, அல்லாஹ் அமானிதமாகத் தந்த உடம்புக்கு நாம் காட்டுகிறோமா? உடலுக்கும் நம் மீது உரிமை உண்டு என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) நினைவூட்டிய செய்தி புகாரியில் இருக்கிறது.

பயத்தைப் பெயர் சொல்லி அழைப்போம்

"பெரிய நோய் என்று சொல்லிவிட்டால்?" இதுதான் முதல் பயம். டாக்டர் சொல்வதால் நோய் வருவதில்லை. இருப்பதைத்தான் அவர் சொல்கிறார். நாள்பட்ட அசதிக்கும் மூச்சிரைப்புக்கும் இளைப்புக்கும் பின்னால் ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, காசநோய், மனச்சோர்வு என்று எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். இவை சிகிச்சை உள்ளவை. கடுமையான நோயாகவே இருந்தாலும், முன்கூட்டிப் பார்த்தவருக்கு வழிகள் அதிகம்.

ஒரு காலத்தில் காசநோய் என்ற பெயரைக் கேட்டாலே குடும்பத்தை விட்டுத் தாம்பரம் சானடோரியம் போன்ற இடத்தில் மாதக்கணக்கில் இருக்க வேண்டுமே என்று மக்கள் நடுங்கினார்கள். 1956-ல், நம் ஊர் நிறுவனம் தொடங்கிய அதே ஆண்டில், சென்னையில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. வீட்டில் இருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் கிடைக்கும் அளவுக்குக் குணம் கிடைக்கும் என்று அந்த மையத்தின் ஆய்வு 1959-ல் உலகுக்குக் காட்டியது. இன்று இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பழைய பயம் மட்டும் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

"வேலை போய்விட்டால்?" இது நம் ஊரின் பயம். குறிப்பாகக் காண்ட்ராக்ட் தொழிலாளர்களின் பயம். அதை லேசாக எண்ணிவிட முடியாது. அவர்கள் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். தலைசுற்றலை மறைத்துக் கொண்டு இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவர் தம் உயிரோடு, பக்கத்தில் நிற்பவர் உயிரையும் பணயம் வைக்கிறார். சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பணியில் சேரும்போதும், பிறகு ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியிலும் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டு சுரங்க விதிகள் வைத்தது இதற்காகவே. தூசியால் வரும் சிலிக்கோசிஸ் போன்ற நுரையீரல் நோயை, இழப்பீடு பெறத்தக்க தொழில்சார் நோயாக 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் ஏற்றுக் கொண்டது. அந்த உரிமையைக் கேட்கக் கையில் மருத்துவச் சான்று வேண்டும். மறைத்தவரிடம் எந்தச் சான்றும் இருக்காது.

"செலவுக்கு எங்கே போவது?" ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை பார்க்கக் காசு தேவையில்லை. பெரிய சிகிச்சை என்றால் கடலூர் அரசு மருத்துவமனையும் புதுவை ஜிப்மரும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-ல் கேட்கலாம்.

"சொல்ல வெட்கமாக இருக்கிறதே?" பெண்களே, சகோதரிகளே! உதிரப்போக்கு பற்றி நபி (ஸல்) அவர்களிடமே வந்து கேட்ட ஸஹாபிப் பெண்களின் ஹதீஸ்கள் நம் கிதாபுகளில் உள்ளன. அவர்கள் வெட்கம் இல்லாதவர்கள் அல்லர். தெரிந்து கொள்வதற்கு வெட்கத்தைத் தடையாக்காதவர்கள். பெண் மருத்துவரைக் கேட்டுச் செல்லுங்கள். கணவன்மார்களே, அவர்கள் சொல்லும்வரை காத்திராமல் நீங்கள் கேளுங்கள்.

"போனேன், எல்லாம் நார்மல் என்றார்கள், வலி மட்டும் போகவில்லை." இப்படிச் சொல்பவர்களின் மனம் உடைந்திருக்கும். அவர்களைப் பார்த்து, "எல்லாம் உன் கற்பனை" என்று சொல்லாதீர்கள். ரிப்போர்ட் நார்மல் என்றால், அந்தப் பரிசோதனை தேடிய நோய் அதில் தென்படவில்லை என்று பொருள். வலி பொய் என்று பொருளல்ல. தொந்தரவு நீடித்தால் திரும்பப் போக வேண்டும். பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துச் செல்ல வேண்டும். மனக்கவலையும் உடம்பில் வலியாக வரும். அதுவும் உண்மையான நோய்தான், அதற்கும் சிகிச்சை உண்டு. மனம் தாங்காத நேரத்தில் 14416 என்ற எண்ணில் பேசலாம்.

எப்படிப் போவது?

ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: தொந்தரவு என்ன, எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது, இப்போது சாப்பிடும் மருந்துகள் என்னென்ன. நாட்டு மருந்தையும், கடையில் வாங்கிய வலி மாத்திரையையும் விடாமல் எழுதுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். ஒரு ஹாரூனைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். வெளியே வருமுன், "இது என்னவாக இருக்கலாம்? மறுபடி எப்போது வர வேண்டும்?" என்று கேட்டு வாருங்கள். முதல் நாளே விடை கிடைக்காமல் போகலாம். அதனால் போனது வீண் அல்ல, கேட்கத் தொடங்கிவிட்டீர்கள்.

ஆனால் நெஞ்சு வலி, திடீர் மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் விழுதல், பேச்சுக் குழறல், ரத்தமாக வாந்தி இவற்றில் எது வந்தாலும் தாளும் வேண்டாம், யோசனையும் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

நம் பங்கு என்ன?

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்ற முஸ்லிம் மீதுள்ள கடமை. விசாரிக்கப் போன இடத்தில், "இப்படித்தான் எங்கள் ஊரில் ஒருவருக்கு இருந்தது, மூன்று மாதத்தில் மவ்த் ஆகிவிட்டார்" என்று சொல்லாதீர்கள். "நாளைக்கு லீவுதான், நான் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள். ஒரு முஃமினின் கஷ்டத்தை நீக்குபவரின் கஷ்டத்தை மறுமையில் அல்லாஹ் நீக்குவான் என்பது நபிமொழியின் கருத்து. அந்த நற்செய்தி சில நேரம் ஒரு டூ வீலரின் பின்சீட்டில்தான் தொடங்குகிறது.

இன்று ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டில் யார் எதை மறைத்துக் கொண்டிருக்கிறார் என்று கேளுங்கள். முதலில் உங்களையே கேளுங்கள். விடை ஆம் என்றால், அடுத்த ஜும்ஆவுக்குள் ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுவது என்று இப்போதே நிய்யத் வையுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! பயத்தில் இருப்பவர்களின் உள்ளங்களுக்கு அமைதியைத் தருவாயாக! எங்களுக்கு மருத்துவம் பார்ப்பவர்களின் கைகளில் பரக்கத் செய்வாயாக! சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் உழைக்கும் அனைவரையும், எந்த மதத்தவராயினும், பாதுகாப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.