தும்மல் மாதங்கள்: புல் மகரந்தமும் எமது உடலும்

ஒக்டோபர் பிறந்ததும் மெல்பேர்ணில் எம்மவர் பலருக்குத் தும்மல் தொடங்கிவிடும். கண் கடிக்கும், மூக்கால் தண்ணீராய் ஓடும். "தடிமன் பிடித்துவிட்டது" என்போம். தடிமன் ஒரு கிழமையில், மிஞ்சினால் இரண்டு கிழமையில் மாறிவிடும். இதுவோ காய்ச்சல் இல்லாமலே டிசெம்பர் வரை இழுக்கும். நகரின் வடக்கிலும் மேற்கிலும் உள்ள மேய்ச்சல் நிலங்களில் வளரும் றைகிராஸ் என்ற புல்லின் மகரந்தமே முக்கிய காரணம்.

"ஊரில் இல்லாத வருத்தம் இங்கே எப்படி வந்தது?" என்று பலர் கேட்பதுண்டு. வந்த முதல் வருடம் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் சிலருடைய நிர்ப்பீடனத் தொகுதி மகரந்தத்திலுள்ள புரதத்தைக் கிருமியைப் போல் பகையாகக் கொள்கிறது. 'ரி' கலங்கள் தூண்ட, 'பி' கலங்கள் ஐ.ஜி.ஈ. என்னும் பிறபொருளெதிரியை உண்டாக்குகின்றன. அது மூக்கிலும் கண்ணிலும் சுவாசக் குழாயிலும் உள்ள மாஸ்ற் கலங்களின்மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். இந்த ஆயத்தத்துக்குச் சில வசந்தங்கள் செல்லலாம்.

பின்னர் ஒருநாள் அதே புரதம் உள்ளே வந்து, அருகருகே உள்ள இரண்டு ஐ.ஜி.ஈ.க்களை இணைத்ததும் மாஸ்ற் கலம் ஹிஸ்டமீனைக் கொட்டிவிடும். சில நிமிடங்களில் தும்மலும் கடியும் வரும். மணித்தியாலங்கள் கழிந்து இயோசினோபில் என்னும் வெண்குருதிக் கலங்கள் வந்து சேர, மூக்கு வீங்கி அடைக்கும். ஹிஸ்டமீனைத் தடுக்கும் குளிசை தும்மலை நிறுத்தினாலும் அடைப்பை அவ்வளவாக எடுக்காதது இதனால்தான். அடைப்புக்கு ஸ்டீரொயிட் மூக்கு ஸ்பிரேயே நல்லது. அதையும் நினைத்த நேரம் அடிக்காமல் நாள்தோறும் பாவிக்க வேண்டும். கொத்தமல்லிக் குடிநீர் தொண்டைக்கு இதம்தான், மாஸ்ற் கலம் அதற்கு மசியாது.

தும்மலோடு நின்றால் பரவாயில்லை. முழு மகரந்த மணி பெரியது, மூக்கிலேயே தங்கிவிடும். ஈரம் பட்டால் அது வெடித்து, ஒரு மணியிலிருந்து சுமார் 700 நுண்ணிய மாப்பொருள் துணிக்கைகள் வெளிவரும். இவை நேரே நுரையீரலுக்குள் இறங்கக்கூடியவை. 2016 நொவெம்பர் 21 மாலை மெல்பேர்ணில் அடித்த இடிப்புயலின்போது ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலுடன் வைத்தியசாலைகளுக்கு ஓடினர். 10 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தோரின் பங்கு, சனத்தொகையில் அவர்களது பங்கைவிட அதிகமாக இருந்தது. பலருக்கு அதற்குமுன் தொய்வே இருந்ததில்லை, வசந்தத் தும்மல் மட்டுமே இருந்தது.

ஆகவே வருடாவருடம் தும்முபவர்கள் செப்டெம்பருக்கு முன்பே குடும்ப வைத்தியரைக் காணுங்கள். இரவில் இருமலோ நெஞ்சு இறுக்கமோ இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். விக்டோரியாவில் 2017 முதல் ஒக்டோபரிலிருந்து டிசெம்பர் வரை இடிப்புயல் தொய்வு முன்னறிவிப்பு வெளியாகிறது. ஆபத்து அதிகம் என்று சொல்லும் நாளில், புயலுக்கு முன் வீசும் காற்று எழுமுன்னரே உள்ளே வந்து யன்னல்களைச் சாத்திவிடுங்கள். மூச்சு முட்டினால் நீலப் பஃபரை ஸ்பேசரில் பொருத்தி, ஒவ்வொன்றாக 4 தரம் அடித்து, ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு எடுத்து, 4 நிமிடம் பாருங்கள். குறையாவிட்டால் 000.