எல்லாம் சரியாகிடுச்சு, ஆனா...

ஷார்ட் ஃபிலிம் எடுக்கணும்னு ஸ்கிரிப்ட் எழுதிட்டு இருக்கீங்களா? அப்போ டோடோரோவைத் தெரிஞ்சுக்கோங்க. பல்கேரியாவில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த கதைக்கோட்பாட்டாளர். அவர் சொன்ன ஐந்து படிகள்: சமநிலை, குலைவு, குலைந்ததை உணர்தல், சரிசெய்யும் முயற்சி, புதிய சமநிலை.

1967 ஏப்ரல் 6 அன்று ஒளிபரப்பான ஸ்டார் ட்ரெக் எபிசோடு 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்'. அதில் இதைப் பொருத்திப் பார்ப்போம். மருந்து அதிகமாகி நிதானம் இழந்த டாக்டர் மெக்காய், காலவாசலுக்குள் குதிக்கிறார். வரலாறு மாறுகிறது, விண்கலமே காணாமல் போகிறது. இது குலைவு. அதை உணர்ந்த கிர்க்கும் ஸ்போக்கும் 1930-இன் நியூயார்க்குக்குப் போகிறார்கள்.

அங்கே ஏழைகளுக்கு உணவளிக்கும் ஈடித் கீலரை கிர்க் காதலிக்கிறார். ஸ்போக் கண்டுபிடிப்பதோ வேறு: ஈடித் சாலை விபத்தில் சாக வேண்டும். பிழைத்தால் அவருடைய அமைதி இயக்கத்தால் அமெரிக்கா போரில் தாமதமாக இறங்கும், ஹிட்லர் ஜெயிப்பார். காப்பாற்ற ஓடும் மெக்காயை கிர்க்கே பிடித்து நிறுத்துகிறார்.

கவனிச்சீங்களா? வழக்கமா குலைவு கெட்டது, சரிசெய்வது நல்லது. இங்கே ஓர் உயிரைக் காப்பாற்றியதுதான் குலைவு. சாக விடுவதுதான் தீர்வு. வரலாறு பழையபடி ஆனது, கிர்க் ஆகவில்லை. ஐந்தாம் படியில் 'புதிய' என்ற சொல்லுக்கு அர்த்தம் இதுதான்.

உங்க ஸ்கிரிப்டின் முடிவில் கேட்டுப் பாருங்க: எல்லாம் சரியான பிறகும், திரும்பக் கிடைக்காதது எது? பதில் இல்லைன்னா, முடிவை இன்னொரு தடவை எழுதுங்க.