துணைநிரலை நிறுத்துதல்

ஓர் அலுவலகத்தார்க்கு வரும் மின்னஞ்சல்களை ஏற்று, காத்து, உரியார்க்கு அளிக்கும் கணிப்பொறியை வழங்கி என்பர். அதில் இயங்கும் மென்பொருள்களுள் ஒன்று ஜிம்பிரா. கடிதத்தினுள் வரும் நாளையும் தொலைபேசி எண்ணையும் இனங்கண்டு காட்டுதல் போன்ற பணிகளுக்காக அதனோடு இணைக்கப்பெறும் சிறு துணைநிரல்களுக்கு ஜிம்லெட் என்று பெயர்.

துணையாக வந்த நிரல் பழுதுற்றால், சில வேளைகளில் அஞ்சல் பக்கமே திறவாது. அலுவலகத்தார் அனைவரும் கடிதம் காணாது தவிப்பர். பக்கமே திறவாதபோது அதிலுள்ள பொத்தானை எங்ஙனம் அழுத்துவது? அந்நிலையில் நிர்வாகிக்குக் கைகொடுப்பது கட்டளை வரி. அவர் ஜிம்பிரா என்னும் பயனராக வழங்கியினுள் நுழைந்து, இசட்எம்ஜிம்லெட்சிடிஎல் என்ற கட்டளையோடு லிஸ்ட்ஜிம்லெட்ஸ் என்று தட்டெழுதினால் நிரல்களின் பட்டியல் தோன்றும். ஐயத்துக்குரியதன் பெயரை அதில் கண்டு, அக்கட்டளையோடு டிஸேபிள் என்ற சொல்லையும் அப்பெயரையும் எழுதுவர். பெயரில் ஓரெழுத்துப் பிழைப்பினும் நிரல் நில்லாது. எழுத்துப்பிழையைச் சிறுபிழை என்பார் இதனை எண்ணுவாராக!

ஈண்டு இரு சொற்களின் வேற்றுமை உணரத்தக்கது. டிஸேபிள் என்பது நிறுத்துதல். அன்டிப்ளாய் என்பது அகற்றுதல். நிறுத்திய நிரல் வழங்கியிலேயே கிடந்து, எனேபிள் என்ற சொல்லால் மீண்டும் எழும். அகற்றியதையோ மறுபடியும் நிறுவவேண்டும். குற்றம் எதனது என்று தெளியுமுன் அகற்றுதல் பதற்றத்தின் செயல். ஆதலின் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பர். நிறுத்திய பின்னும் பழைய நிலையே தோன்றுமாயின், வழங்கி தற்காலிகமாக நினைவில் வைத்திருக்கும் பழைய குறிப்பை இசட்எம்ப்ரோவ் என்னும் மற்றொரு கட்டளையால் துடைத்து, பக்கத்தை மீண்டும் திறக்கச் செய்வர்.