ஓட்டைப் பிரிக்கிறவரா மூன்றாமவர்?

கேள்வி: அமெரிக்காவில் இரண்டு பெரிய கட்சிகள்மீதும் மக்களுக்கு இவ்வளவு வெறுப்பு இருந்தும் மூன்றாவது கட்சி ஏன் தலையெடுக்கவில்லை?

பதில்: ஆதரவு இல்லாமல் இல்லை; தேர்தல் முறைதான் இடம் கொடுப்பதில்லை. 1992-ல் தொழிலதிபர் ராஸ் பெரோ சுயேச்சையாக நின்று ஏறக்குறைய 19 சதவீத ஓட்டு வாங்கினார். ஆனால், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் 538 தேர்வாளர் ஓட்டுகளில் அவருக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் முதலிடம் வந்தவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர் ஓட்டுகள் மொத்தமும் போய்விடும்.

2000 அதிபர் தேர்தலில் புளோரிடா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் அல் கோரை குடியரசுக் கட்சியின் புஷ் முந்தியது வெறும் 537 ஓட்டில். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நாடர் அங்கே வாங்கியதோ 97,000-க்கும் மேல். அன்றிலிருந்து ‘ஓட்டைப் பிரிக்காதே’ என்ற மிரட்டல் ஓயவே இல்லை. தோல்விப் பழியை வாக்காளர் தலையில் கட்டுவது அநியாயம். மனசுக்குப் பிடித்தவருக்குப் போடத்தானே ஓட்டு?

மெய்ன் மாநிலத்தில் ஓட்டுப் பிரியாமலிருக்க வழி கண்டிருக்கிறார்கள். அங்கே வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்பப்படி வரிசைப்படுத்தலாம். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்தை எண்ணுவார்கள். 2018-ல் ஜனநாயகக் கட்சியின் ஜாரெட் கோல்டன் முதல் எண்ணிக்கையில் பின்தங்கியும் நாடாளுமன்றம் போனது இப்படித்தான்.