வைக்கோலைத் தின்னும் பூஞ்சை

தீபாவளிக்கு முன்னும் பின்னும் தில்லியில் வானம் பழுப்பாகிவிடுகிறது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுத்த வயல்களில் தாளைக் கொளுத்தும் புகைக்கும் அதில் பங்கு உண்டு. சங்கத்து நூலகத்தில் ஒரு நண்பர் என்னைக் கேட்டார்: "ஏன் சார், தாளை மடக்கி உழுதால் மக்கி எருவாகிவிடுமே, இவர்கள் ஏன் கொளுத்துகிறார்கள்?"

இதற்குப் பதில் சொல்ல, மக்குவது என்றால் என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். நான் உயிரியல் படித்தவன் அல்லன். டிப்ளமா முடித்து ரயில்வேயில் பாதை பராமரிப்பைப் பார்த்தவன். ஆனால் மக்குதல் எனக்குப் பழைய எதிரி. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பாலங்களின் மேல் மர ஸ்லீப்பர் கட்டைகள் இருந்தன. சுத்தியலால் தட்டினால் நல்ல கட்டை கணீரென்னும். மக்கிய கட்டை 'டொப்' என்னும். மேலே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே பஞ்சு. இது பூஞ்சையின் வேலை.

பூஞ்சைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. நாம் உணவை உள்ளே தள்ளிச் செரிக்கிறோம். அது வெளியிலேயே செரித்துவிட்டு உறிஞ்சுகிறது. நூல் போன்ற இழைகளை மரத்துக்குள் செலுத்தி, நொதிகள் என்னும் புரதங்களைக் கசியவிடுகிறது. அவை மரத்தைச் சர்க்கரையாக உடைத்துத் தருகின்றன.

மரத்தில் சர்க்கரையா என்று கேட்கலாம். இட்லியில் உள்ள மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிதான், வைக்கோலில் உள்ள செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிதான். வித்தியாசம் இணைப்பில் இருக்கிறது. மாவுச்சத்தில் சங்கிலி சுருண்டு தளர்வாகக் கிடக்கும். செல்லுலோஸில் ஒன்றுவிட்டு ஒரு குளுக்கோஸ் திரும்பி நிற்பதால் சங்கிலி நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு இறுக ஒட்டிக்கொள்ளும். தண்ணீர்கூட எளிதில் உள்ளே புகாது. மாட்டுக்குக்கூட இதை உடைக்கும் நொதி சொந்தமாகக் கிடையாது. அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள்தாம் உடைத்துத் தருகின்றன.

இந்தத் துறையின் கதாநாயகனுக்கு டிரைக்கோடெர்மா ரீசியை என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களும் துணிகளும் இற்றுப்போயின. காரணம் தேடியபோது அகப்பட்ட பூஞ்சை இது. இதை ஆராய்ந்த எல்வின் ரீஸின் நினைவாக 1977ல் இந்தப் பெயர் சூட்டினார்கள்.

இது சுரக்கும் நொதிகளில் முக்கியமான ஒன்றின் உருவத்தை ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் 1994ல் வெளியிட்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஒரே வியப்பு, ஏனென்றால் அதற்குள் ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது! நீளம் சுமார் 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். நம் ரயில்வேயில் சுரங்கம் நிற்கும், வண்டி ஓடும். இங்கே சுரங்கமே தண்டவாளத்தின் மேல் ஓடுகிறது. செல்லுலோஸ் சங்கிலியின் ஒரு முனையைச் சுரங்கத்துக்குள் இழுத்துக்கொண்டு, இரண்டிரண்டு குளுக்கோஸாக வெட்டியபடியே முன்னேறும். மேலே கூரை இருப்பதால் சங்கிலி நழுவாது. நொதியின் இன்னொரு பகுதி, வால்போல ஒரு கயிற்றில் தொங்கி, செல்லுலோஸின் மேல் ஒட்டிக்கொள்ள உதவுகிறது.

வேறொரு வகை நொதிக்குக் கூரை கிடையாது, வெறும் திறந்த பள்ளம். அதனால் அது சங்கிலியின் நடுவிலேயே எங்கு வேண்டுமானாலும் அமர்ந்து வெட்டும். அப்படி வெட்டிய இடத்தில் புது முனைகள் கிடைக்கும். அங்கே சுரங்கக்காரர் ஏறிக்கொள்வார். செப்பு அணுவை வைத்துக்கொண்டு இறுகிய பரப்பையே அரித்துக் கொடுக்கும் நொதிகளும் உண்டு. அவற்றின் வேலை 2010-11 வாக்கில்தான் புரிந்தது.

சரி, வேகம் என்ன? 2011ல் ஜப்பானில் இகராஷி குழுவினர் இந்தச் சுரங்க நொதி ஓடுவதையே நுண்ணோக்கியில் படம்பிடித்தார்கள். வினாடிக்குச் சுமார் 7 நானோமீட்டர். கணக்குப் போட்டேன்: ஒரு மில்லிமீட்டர் போக ஏறக்குறைய 40 மணி நேரம்! நம் பாசஞ்சர் வண்டியைக் கேலி செய்தவர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும். முன்னால் ஒன்று தடைபட்டு நின்றால் பின்னால் வருபவை வரிசையாக நிற்பதையும் அவர்கள் பார்த்தார்கள். கோடிக்கணக்கில் ஒரே நேரத்தில் வெட்டுவதால்தான் காரியம் நடக்கிறது. போதாததற்கு, தாளில் செல்லுலோஸைச் சுற்றி லிக்னின் என்ற பூச்சு வேறு.

நண்பரின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009ல் பஞ்சாபில் வந்த சட்டம் நெல் நடவை ஜூனுக்குத் தள்ளியது. அறுவடையும் தள்ளிப்போயிற்று. அதற்குப் பின் கோதுமை விதைக்க மூன்று வாரம் கிடைத்தால் பெரிது. தில்லி பூசா நிலையத்தார் உருவாக்கிய பூஞ்சைக் கலவையை வெல்லமும் கடலைமாவும் சேர்த்து வளர்த்துத் தெளிக்கலாம். 2020ல் தில்லி அரசு தன் எல்லைக்குட்பட்ட வயல்களில் தெளித்துப் பார்த்தது. ஆனால் அதற்கும் சுமார் 25 நாள் வேண்டும், ஈரம் வேண்டும், தாளை மண்ணோடு கலக்கவும் வேண்டும். டீசல் செலவு யார் தலையில்? ஒரு தீக்குச்சிக்கு அந்தச் செலவு இல்லை. விவசாயியை மட்டும் திட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இதே நொதிகளை வெதுவெதுப்பான தொட்டியில், முன்கூட்டியே பதப்படுத்திய தாளின் மேல் விட்டால் வேலை நாள் கணக்கில் முடியும். கிடைத்த சர்க்கரையை நொதிக்க வைத்தால் எத்தனால். 2022 ஆகஸ்டில் பானிப்பட்டில் தொடங்கி வைத்த ஆலை இந்த வகைதான். ஆண்டுக்கு 2 லட்சம் டன் தாளிலிருந்து 3 கோடி லிட்டர் எடுப்பது திட்டம். பஞ்சாபில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் தாள் விழுகிறது.