லினக்ஸும் திரைத் தெளிவும்

நம் விடுதியில் லினக்ஸ் பழகும் மாணவர் தொகை ஆண்டுதோறும் வளர்ந்து வருகிறது. ஆய்வுக்கூடங்களில் அது இன்றியமையாததாகிவிட்டமையால், அறையிலும் அதனையே வைத்துக்கொள்வது பலருக்கு வழக்கமாயிற்று. ஆனால் பழைய மானிட்டர் ஒன்றை வாங்கி வந்து பூட்டியதும், எழுத்தெல்லாம் பருத்து, படமெல்லாம் அகன்று, ஓரங்கள் குழம்பி நிற்கக் கண்டு, “லினக்ஸுக்கும் இந்தத் திரைக்கும் ஒத்துவராது” என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வாங்கிய மானிட்டரைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வேறொன்று தேடியவர்களையும் நான் அறிவேன். பெரும்பாலும் அதற்குத் தேவையே இராது.

ஆங்கிலம் படிப்போர்க்கு இக்குழப்பம் கண்வலியோடு போய்விடும். தமிழ் படிப்போர்க்கோ பொருளே மாறிவிடும். மெய்யெழுத்தின் தலைமேல் நிற்கும் புள்ளி மிகச் சிறியது. குழம்பிய திரையில் அது எழுத்தோடு கரைந்துவிடுகிறது. ‘கண்’ என்பது ‘கண’ ஆகும். ‘கல்’ என்பது ‘கல’ ஆகும். ‘கல்வி’ என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

திரையில் நிகழ்வது என்ன? இக்காலத் திரவப் படிகத் திரையில் புள்ளிகளின் எண்ணிக்கை தொழிற்சாலையிலேயே அமைந்துவிடுகிறது. 1920×1080 திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. கணினியோ 1024×768 என்ற அளவில், அதாவது 7,86,432 புள்ளிகளாகப் படத்தை அனுப்புகிறது என்று கொள்வோம். அப்போது படத்தின் ஒரு புள்ளியைக் கிடையாக 1.875 புள்ளிகளிலும், நெடுக்காக 1.406 புள்ளிகளிலும் திரை பரப்பியாக வேண்டும். முழு எண் அன்று. ஆகவே ஓரங்கள் குழம்புகின்றன. இரண்டும் சமமும் அன்று. ஆகவே திரை முழுதும் பரப்பினால் வட்டம் அகலவாக்கில் மூன்றில் ஒரு பங்கு நீண்டு நீள்வட்டமாகிறது.

திரையின் அளவு கணினிக்கு எப்படித் தெரியும்? திரையே சொல்கிறது. 1994ஆம் ஆண்டில் வெசா என்னும் அமைப்பு வகுத்த ஈடிட் என்ற முறைப்படி, ஒவ்வொரு மானிட்டரும் 128 பைட் கொண்ட அடையாளச் சீட்டு ஒன்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. செய்தவர் யார், திரையின் நீள அகலம் என்ன, உகந்த தெளிவு எது என்பனவெல்லாம் அதில் அடங்கும். கடைசிப் பைட், எல்லாவற்றையும் கூட்டினால் 256ஆல் மீதியின்றி வகுபடுமாறு அமைந்திருக்கும். வழியில் பிழை நேர்ந்தால் இதனால் தெரிந்துவிடும். பழைய விஜிஏ கம்பியின் 15 முனைகளுள் 12ஆம் முனையும் 15ஆம் முனையும் இச்சீட்டைச் சுமந்து வருகின்றன. மலிவான கம்பிகள் சிலவற்றில் இவ்விரண்டும் இணைக்கப்படுவதே இல்லை! படம் வரும், சீட்டு வாராது. அறிமுகமில்லாத திரையிடம் லினக்ஸ் எச்சரிக்கையாக நடந்துகொண்டு, 1024×768க்கு மேல் தானாகப் போவதில்லை. பழி லினக்ஸின் மேல் விழுகிறது.

ஆகவே முதற்சோதனை கம்பியை மாற்றிப் பார்ப்பதே. இடையில் அடாப்டர் இருந்தால் அதனையும் ஐயுறுக. நான் பார்த்த திரைகளுள் பெரும்பாலானவை இவ்வளவிலேயே சீராயின. உறுதி வேண்டுவோர், ‘சிஸ்’ அடைவினுள் ‘கிளாஸ்’, அதனுள் ‘டிஆர்எம்’ என்று சென்றால், ஒவ்வோர் இணைப்புவாய்க்கும் ஓர் அடைவும், அதில் ஈடிட் என்ற கோப்பும் இருக்கக் காணலாம். பட்டியலில் தெரியும் அளவை நம்பாமல், கோப்பைப் படித்து எண்ண வேண்டும். 128 அல்லது அதன் மடங்கு வந்தால் சீட்டு வந்துவிட்டது. சுழி வந்தால் வரவில்லை.

சீட்டு வந்தும் திரை சீராகவில்லையெனில் டிரைவரைப் பார்க்க வேண்டும். ‘எல்.எஸ்.பி.சி.ஐ.’ என்னும் கட்டளையை ‘கே’ விருப்பத்தோடு இட்டால், காட்சி அட்டையை எந்த டிரைவர் இயக்குகிறது என்று தெரியும். எந்த டிரைவரும் இல்லையெனில், ‘ப்ராக்’ அடைவிலுள்ள ‘சிஎம்டிலைன்’ கோப்பைத் திறந்து, ‘நோமோட்செட்’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடுக. நிறுவும்போது திரை இருண்டுவிட்டால் இச்சொல்லைச் சேர்க்கச் சொல்வார்கள்; நிறுவி முடித்தபின் நீக்க மறந்துவிடுவார்கள். இச்சொல் இருக்கும்வரை கெர்னல் திரையின் அளவைத் தானே அமைக்காது. கணினி தொடங்கியபோது கிடைத்த ஒரே அளவுதான் நிலைக்கும். என்விடியா அட்டை உள்ளவர்கள் செக்யூர் பூட் என்பதையும் கவனிக்க வேண்டும். கையொப்பமில்லாத டிரைவரை அது உள்ளே விடாது.

கம்பியும் டிரைவரும் நன்றாயிருந்து, சீட்டு மட்டும் கெட்டுப்போன மானிட்டர்களும் உண்டு. அவற்றுக்கு அளவை நாமே கொடுக்கலாம். ‘சிவிடி’ என்ற கட்டளை கணக்கிட்டுத் தரும் வரியை, ‘எக்ஸ்ரேண்டர்’ என்ற கட்டளையால் சேர்க்க வேண்டும். இயற்பியல் மாணவர்க்குச் சுவையான இடம் இது. 1920×1080 புள்ளிகளை நொடிக்கு 60 முறை அனுப்ப 124.4 மெகாஹெர்ட்ஸ் போதும் என்று தோன்றும். சிவிடியோ 173 கேட்கிறது. ஏன்? பழைய குழாய்த் திரையில் மின்னணுக் கற்றை ஒவ்வொரு வரியின் முடிவிலும் பின்னோக்கித் திரும்ப நேரம் வேண்டும். அதற்கு இடம் விட்டு, 2576×1120 என்று கணக்கிடுகிறார்கள். கற்றையே இல்லாத இன்றைய திரைக்கு அவ்வளவு ஓய்வு எதற்கு? ‘ஆர்’ விருப்பத்தைச் சேர்த்தால் 138.5 ஆகக் குறைகிறது. ஒற்றை இணைப்பு டிவிஐ கம்பியின் வரம்பு 165 மெகாஹெர்ட்ஸ். ஆகவே முதற்கணக்கு அங்கே தோற்கும், இரண்டாவது வெல்லும்.

எக்ஸ்ரேண்டரால் சேர்த்தது மறுதொடக்கத்தில் மறைந்துவிடும். வேலண்ட் அமர்வில் அவ்வாறு சேர்க்கவே இயலாது. ஃபெடோரா 2016 முதலும், உபுண்டு 2021 முதலும் வேலண்டையே இயல்பாகக் கொண்டுள்ளன. ஆங்கே கெர்னலின் தொடக்க வரியில் ‘வீடியோ’ என்ற குறிப்போடு இணைப்புவாயின் பெயரையும் அளவையும் எழுதிவிடுவதே எளிய வழி.

புதிய மடிக்கணினி வைத்திருப்போர் சிலர், எழுத்து மிகச் சிறிதாயிருக்கிறதென்று தெளிவையே குறைத்துவிடுகிறார்கள். அது வேறு நோய். இம்மருந்து அதற்கு ஆகாது. தெளிவை முழு அளவில் விட்டு, அமைப்புகளில் ‘ஸ்கேல்’ என்பதை 200 விழுக்காடாக உயர்த்துங்கள். எழுத்தும் பெரிதாகும், புள்ளியும் நிற்கும்.