குற்றவாளி சால்வர்தானா?

அம்பாங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் மாமாக் கடையில், தெரிந்த தம்பி ஒருவன் மடிக்கணினியைத் திறந்து காட்டினான். கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும் சரக்கை எந்த லோரியில் எந்தக் கிடங்குக்கு அனுப்பினால் செலவு குறையும் என்று நேரியல் திட்டமிடல் முறையில் கணக்கிடும் நிரல். விடை காணும் வேலையை அது சால்வர் என்ற ஆயத்த நிரலிடம் விட்டுவிடுகிறது. பத்து லோரிக்கு ஓடுகிறது. நாற்பது கொடுத்தால் பாதியிலேயே விழுகிறது. திரையில் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்ற இரண்டே சொல். "அண்ணே, இந்தச் சால்வர் சரியில்ல. காசு குடுத்து வேற வாங்கிடவா?" என்றான்.

நம்பிக்கை: சால்வருக்குள் விழுந்தால் சால்வர்தான் குற்றவாளி.

அடிபட்ட இடம் ஒன்று, விழுந்த இடம் வேறொன்று. பெரும்பாலும் அப்படித்தான். தம்பி பயன்படுத்தியது ஜி.எல்.பி.கே. என்ற இலவசச் சால்வர். சி மொழி அணியின் (array) அறைகளை 0-இலிருந்து எண்ணும், ஜி.எல்.பி.கே. 1-இலிருந்து எண்ணும். அதன் கையேட்டின் எடுத்துக்காட்டு நிரலிலேயே அணியின் அளவு 1+1000 என்று எழுதப்பட்டிருக்கும். அந்த 1, பூஜ்ஜியமாவது அறையைக் காலியாக விடுவதற்காக. தம்பி அதைக் கவனிக்கவில்லை. n அறைகளுக்கு மட்டும் இடம் வாங்கி, 1 முதல் n வரை நிரப்பியிருந்தான். கடைசி எண் வேலி தாண்டிப் பக்கத்து நினைவகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த நேரத்தில் எதுவும் நடக்காது. பிறகு சால்வர் தன் வேலைக்கு நினைவகம் கேட்கும்போது அந்தச் சிதைந்த இடத்தில் இடறுகிறது, பழியும் அதன் மேல் விழுகிறது.

பத்து லோரிக்கு மட்டும் எப்படி ஓடியது? கேட்ட அளவைவிடச் சற்றுக் கூடுதலாகவே கணினி நினைவகம் கொடுப்பது வழக்கம். சில அளவுகளில் அந்த மிச்சம் தவறைத் தாங்கிக்கொள்ளும், சிலவற்றில் தாங்காது.

0-இலிருந்து நிரப்பியிருந்தால் இன்னும் மோசம். முதல் எண்ணைச் சால்வர் படிக்கவே படிக்காது. கடைசியாகப் படிப்பது யாரும் எழுதாத குப்பை. அது வரம்புக்கு வெளியே இருந்தால் ஜி.எல்.பி.கே. காரணத்தைச் சொல்லிவிட்டுத் தானே நிரலை நிறுத்திவிடும். அந்த நிறுத்தத்தையும் பலர் கிராஷ் என்று திட்டுகிறார்கள், ஆனால் அது கொடுக்கும் எச்சரிக்கை அருமையானது. குப்பை தற்செயலாக வரம்புக்குள் அமைந்துவிட்டால் நிரல் விழாது, தவறான விடையை அமைதியாகக் கொடுக்கும். லோரிகளும் அதை நம்பிக் கிளம்பிவிடும். எனக்கு அதுதான் பயம்.

நம்பிக்கை: நடுவில் ஒரு பிரிண்ட் வரி போட்டேன், சரியாகிவிட்டது.

சரியாகவில்லை, ஒளிந்துகொண்டது. புதிய வரி நினைவகத்தின் அடுக்கை மாற்றிவிடும். அதே தவறு இப்போது வேறு எதையோ கெடுத்துக்கொண்டிருக்கும். இப்படிப் 'பேய் பிடித்த' நிரலை, நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கருவியான அட்ரஸ் சானிடைசர் சேர்த்துத் தொகுத்துப் பாருங்கள், அல்லது அதே வேலையைச் செய்யும் வால்கிரைண்டில் ஓட்டுங்கள். மெதுவாகத்தான் ஓடும், ஆனால் வேலி தாண்டிய வரி எது என்று எண்ணோடு காட்டும். தம்பியின் நிரலில் அது சால்வரைக் கூப்பிடுவதற்கு வெகு முன்னால் இருந்தது.

நம்பிக்கை: 'தீர்வு இல்லை' என்று வந்தாலும் கிராஷ்தான்.

இல்லை, அது முறையான விடை. கொடுத்த நிபந்தனைகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை என்று பொருள். சில வேளை ஒரு வரியில் கிலோ, அடுத்த வரியில் டன் என்று இருக்கும். விடாமல் ஓடிக்கொண்டே இருப்பதும் தனி நோய். இத்தகைய கணக்குகளைத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறை ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரக்கூடும் என்று 1955-இல் பீல் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். அப்படிச் சுற்றாமல் தடுக்க 1977-இல் பிளாண்ட் என்ற ஆய்வாளர் எளிய விதி ஒன்றைத் தந்தார். இவற்றுக்கெல்லாம் நினைவகத்தைத் தோண்டிப் பயனில்லை.

விழுவது, தீர்வு இல்லாதது, ஓடிக்கொண்டே இருப்பது ஆகிய மூன்றில் எந்த நோய் என்று பிரிக்க நான் முதலில் செய்வது இதுதான். கணக்கைக் கோப்பாக எழுதி, ஜி.எல்.பி.கே.யோடு வரும் கட்டளை நிரலிலும், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பிறந்த ஹைஸ் (HiGHS) சால்வரிலும் தனியாக ஓட்டுவது. இரண்டிலும் விழாமல் ஓடினால் சால்வரைக் கூப்பிடும் நம் நிரலைத்தான் தேட வேண்டும். ஒன்றில் விழுந்தால், லோரிகளையும் நிபந்தனைகளையும் பாதி பாதியாகக் குறைத்து, இன்னும் விழுகிற மிகச் சிறிய கணக்கைப் பிடிப்பேன். சால்வரை எழுதியவர்களிடம் காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

தம்பியின் கோப்பு இரண்டிலும் சுத்தமாக ஓடியது. தே தாரிக் ஆறுவதற்குள் நிரலில் இருந்த மூன்று அணிகளின் அளவிலும் +1 சேர்த்தான். நாற்பது லோரிக்கும் விடை வந்தது.